பாலாத்துக்காரன் மழைக்காட்டு ஆத்துல ஒரு ராத்திரி தங்கப் போறதுக்கு முன்னாடி

பாலாத்தங்கரையில பொறந்து வளந்தவன் நான், ஆனா ஆறுன்னு சொன்னா என் கண்ணு முன்னாடி வர்றது மணல்தான். அதுல கிரிக்கெட் ஆடிருக்கோம், ஊத்து தோண்டி தண்ணி எடுத்திருக்கோம். 2021 நவம்பர்ல கரை புரண்டு வந்தப்ப ஊரே பாலத்தாண்ட போய் நின்னு ஏதோ சாமி ஊர்வலம் மாதிரி பாத்துட்டு வந்துச்சு. நீச்சல் கூட கெணத்துலதான் கத்துக்கிட்டேன், முதுகுல சுரைக்குடுக்கை கட்டிக்கிட்டு. அப்படிப்பட்டவன் மலேசியாவுல தாமான் நெகாரா காட்டுக்குள்ள படகுல போய், நடந்து, ஒரு ராத்திரி குகையில தூங்கிட்டு வந்தேன், கூட சித்தப்பா பையனும் வந்தான். வேலூர் பக்கத்துலேருந்து இப்பல்லாம் நிறைய பேரு மலேசியா போறாங்க, ரெட்டை கோபுரத்த பாத்துட்டு பத்துமலை படி ஏறிட்டு திரும்பிடுறாங்க, இன்னும் ரெண்டு நாள் சேத்து வச்சுக்கிட்டா இதையும் பாத்துடலாம். ஆனா சும்மா கெளம்பிடாதீங்க, நாங்க பட்டது போதும்.

எதுக்கு ரெடி ஆகறீங்கன்னு மொதல்ல சொல்லிடறேன். தாமான் நெகாரான்னாலே தேசியப் பூங்கான்னுதான் அர்த்தம், 4343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளந்தான், திரெங்கானு மூணு மாநிலத்துல பரந்து கெடக்குது. ரொம்ப பேரு போறது பகாங் பக்கம் குவாலா தஹான்ங்கற ஊருக்கு. கோலாலம்பூர்ல பஸ் ஏறி ஜெரான்துட், அங்கேந்து ரோட்டுல குவாலா தஹான். அங்க ஓடுறது தெம்பெலிங் ஆறு. ஒரு ராத்திரி ட்ரிப்னு கேட்டா வழக்கமா சொல்ற ரூட் இதுதான்: மோட்டார் வச்ச நீள மரப்படகுல ஆத்துல மேல குவாலா கெனியம் வரைக்கும் போறது, எறங்கி காட்டுக்குள்ள நடந்து கெபாயாங் பெசார்னு ஒரு பெரிய குகையில ராத்திரி தங்கறது, மறுநாள் குவாலா தெரங்கான் வரைக்கும் நடந்து வந்து திரும்ப படகு. நடை மொத்தம் 13 கிலோமீட்டர் சொச்சம். 13 தானேன்னு நானும்தான் நெனச்சேன். பைபாஸ்ல நடக்குற 13 வேற, இடுப்பு ஒசர வேரத் தாண்டி, ஓடையில எறங்கி ஏறி, சேத்துல கால உருவி உருவி நடக்குற 13 வேற.

எப்ப போறதுன்னு கேட்டா, நமக்கு ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டுதே வடகிழக்கு பருவமழை, அதே காத்துதான் அவங்க கிழக்கு பக்கத்தையும் அடிக்குது, நவம்பர்லேருந்து ஜனவரி வரைக்கும் நல்லா வெளுக்கும். தீபாவளி லீவு, பொங்கல் லீவுல பிளான் போடாதீங்க. 2014 டிசம்பர்ல வந்த வெள்ளத்துல குவாலா தஹான்ல டூரிஸ்ட்டுங்க மாட்டிக்கிட்டு ஹெலிகாப்டர் வச்சு தூக்க வேண்டியதாப் போச்சு. நம்ம பசங்களோட முழுப்பரீட்சை லீவு, அதாவது ஏப்ரல் மே, சரியா இருக்கும். அப்பவும் சாயந்திரம் மழை வரும், அது மழைக்காடு, அதுக்கு பேரே அதான்.

பேப்பர் வேலைய சீக்கிரம் முடிச்சிடலாம். 2023 டிசம்பர் 1-லேருந்து நமக்கு 30 நாள் வரைக்கும் விசா தேவையில்ல, 2026 டிசம்பர் 31 வரைக்கும் அந்த சலுகைய நீட்டிச்சிருக்காங்க. ஆனா டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஆன்லைன்ல ஒண்ணு நெரப்பணும், போய் எறங்கறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள. இன்சூரன்ஸ் எடுக்கும்போது காட்டு நடை, படகு சவாரி இதெல்லாம் அதுல வருதான்னு படிச்சுப் பாருங்க. பவர் பேங்க் கைப்பையில, கத்தி செக்கின் பையில. மாத்தி வச்சா சென்னை ஏர்போர்ட்லயே புடுங்கிக்குவாங்க.

கைடு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, பேசுறதுலயும் சரி காசுலயும் சரி. நாங்க மொதல்ல ஃபோன்ல பேசின ஆளு எல்லாத்துக்கும் நோ ப்ராப்ளம் நோ ப்ராப்ளம்னே சொன்னாரு, லைஃப் ஜாக்கெட் எத்தன இருக்குன்னு கேட்டதுக்கும் நோ ப்ராப்ளம், பதில் அது இல்லையே. அவர விட்டுட்டோம், அட்வான்ஸ் போனது போனதுதான். நீங்க கேக்க வேண்டியது: லைசென்ஸ் இருக்கா (அங்க இயற்கை கைடுங்களுக்கு பச்சை பேட்ஜ் குடுக்குறாங்க, காட்டச் சொல்லலாம்), ஒரு கைடுக்கு எத்தன பேரு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உண்டா, காட்டுக்குள்ள சிக்னல் இல்லாத எடத்துல யாருக்காவது அடிபட்டா எப்படி தகவல் சொல்லுவீங்க, ஆத்துல தண்ணி ஏறினா ட்ரிப்ப மாத்துவீங்களா, மாத்தினா காசு என்னாகும், தூங்கற பாய் கொசுவலை பாத்திரம் எல்லாம் யாரு தூக்கறது. இந்த கடைசி கேள்விய நாங்க கேக்கல. போனப்புறம்தான் தெரிஞ்சது, நாங்கதான் தூக்கணும், சாப்பாட்டு சாமானையும் பங்கு போட்டு எங்க பையிலயே வச்சாங்க, சித்தப்பா பையன் பங்குக்கு மத்திமீன் டின்னு ஆறு. சைவம்னா முன்னாடியே அழுத்திச் சொல்லுங்க, இல்லன்னா ராத்திரி வெறும் சோறும் வெள்ளரிக்காயும்தான். எதுக்கும் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொஞ்சம் கட்டிக்கிட்டு போங்க. நான் கொண்டு போன புளிக்காய்ச்சல கைடு ரெண்டு தடவ கேட்டு வாங்கி சாப்ட்டாரு.

இப்ப பை. இதுலதான் நான் நிறைய சொல்லணும், ஏன்னா எங்களுக்கு அடி விழுந்ததே இதுலதான். மழையில நனையும், வேர்வையில நனையும், படகுல தண்ணி தெறிக்கும், ஓடையில வழுக்கி விழுவீங்க, அதனால எதுவும் நனையாம பாத்துக்கலாம்னு நெனைக்கவே நெனைக்காதீங்க. எது நனையவே கூடாதுன்னு மட்டும் முடிவு பண்ணுங்க. என் கணக்குல அது அஞ்சே சாமான்: ராத்திரி போட்டுக்கிற ஒரு செட் துணி, ஒரு ஜோடி சாக்ஸ், போத்திக்க ஒண்ணு, மாத்திரை டப்பா, பாஸ்போர்ட். ஃபோன ஆறாவதா வேணா சேத்துக்கங்க. இது எல்லாம் ட்ரை பேக்ல போகணும், வாய மூணு சுத்து சுருட்டி கொக்கி போடுற ரப்பர் பை, 10 லிட்டர் போதும். அத வாங்கின கையோட டெஸ்ட் பண்ணுங்க. நான் உள்ள நேத்து பேப்பர மடிச்சு வச்சு, வாய சுருட்டி, வீட்டு பின்னாடி சிமெண்ட் தொட்டியில அமுக்கி மேல அம்மிக்கல்லு கொழவிய தூக்கி வச்சேன். எங்கம்மா வந்து பாத்துட்டு "இன்னாடா பண்ற, கொழவிய இன்னாத்துக்கு தொட்டில போட்ட"ன்னு ஒரு சத்தம். பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா பேப்பர் ஒரு ஓரத்துல மட்டும் ஊறிப் போயிருந்துச்சு, தையல் பக்கமா கசிஞ்சிருக்கு. காட்டுல தெரியறதுக்கு பதில் தொட்டியில தெரிஞ்சது நல்லதாப் போச்சு, கடையில திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கினேன். பெரிய பைக்கு உள்ள குப்பைக்கு போடுற கெட்டியான கருப்பு கவர லைனிங் மாதிரி விரிச்சு, அதுக்குள்ள எல்லாத்தையும் வைங்க. பைக்கு மேல மாட்டுற ரெயின் கவரு முதுகுப் பக்கமா தண்ணிய வுட்டுடும், அத நம்பி போகாதீங்க.

அந்த ராத்திரி செட்ட நடக்கும்போது எடுக்கவே கூடாது, எவ்ளோ கடுப்பா இருந்தாலும் சரி. மறுநாள் காலையில அந்த காஞ்ச துணிய கழட்டி வச்சிட்டு ஈரத்துணிய திரும்ப மாட்டணும் பாருங்க, ட்ரிப்லயே கஷ்டமான நிமிஷம் அதுதான், அட்டை கடிச்சது கூட பரவால்ல. சித்தப்பா பையன் மாட்ட மாட்டேன்னு காஞ்சதுலயே கெளம்பினான், அரை மணி நேரத்துல அதுவும் ஈரம், படகுல வர்றப்ப காத்து அடிச்சதுல பல்லு கிட்டிக்கிச்சு அவனுக்கு.

துணின்னா ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஈரமாச்சுன்னா கல்லு கட்டினாப்ல கனக்கும், தொடை உரசி புண்ணாயிடும், ரெண்டு நாளைக்கும் காயாது. ஜிம்முக்கு போடுற பாலியஸ்டர் டீஷர்ட், ட்ராக் பேண்ட் போதும், முழுக்கை முழுக்கால். அங்க டெம்பரேச்சர் 32 தான் காட்டும், நம்ம அக்னி நட்சத்திரத்துல 42 பாத்தவங்களுக்கு இதெல்லாம் தூசுன்னு தோணும், ஆனா நம்ம ஊர் வெயில் வேர்வைய உறிஞ்சிடும், அங்க காத்துலயே தண்ணி நெறைஞ்சிருக்கறதால வேர்வை காயாது, சொட்டிக்கிட்டே இருக்கும், ஒடம்பு சூடு எறங்காது. அதனால ரெண்டு லிட்டர் தண்ணியும் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கட்டாயம். அப்புறம் லுங்கி. காட்டன்தான், நனைஞ்சா லேசுல காயாது, எல்லா இங்கிலீஷ் வீடியோலயும் காட்டன் கூடாதுன்னுதான் சொல்லுவாங்க, ஆனாலும் ஒரு லுங்கிய ட்ரை பேக்ல போட்டுக்கங்க. துணி மாத்த மறைப்பு, துண்டு, போர்வை, தலகாணி எல்லாமே அதான். கூட வந்த வெள்ளக்காரரு ஒருத்தரு அவ்ளோ பெரிய பையில துண்ட தேடித் தேடி துணி மாத்த முடியாம ஒத்தக்கால்ல நின்னாரு, நாங்க லுங்கிய பல்லுல கடிச்சிக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வேலைய முடிச்சிட்டோம். லேடீஸ்க்கு நைட்டி அதே வேலைய செய்யும்னு என் தங்கச்சி சொல்றா. நாப்கின் கொண்டு போறவங்க யூஸ் பண்ணினத மூடுற கவர்ல போட்டு திரும்பக் கொண்டாந்துடணும், காட்டுல பொதைக்கக் கூடாது.

செருப்பு ஷூ பத்தி நம்ம ஜில்லாக்காரங்களுக்கு சொல்லித் தர்றதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில தச்சு அனுப்புற ஷூவதான் உலகமே போடுது. ஆனா தோல் ஷூ மழைக்காட்டுக்கு ஆகாது, அது எவ்ளோ பெரிய கம்பெனிக்கு தச்சதா இருந்தாலும். தோல் தண்ணிய குடிச்சிட்டு வுடாது, ரெண்டாவது நாள் செங்கல்லு மாதிரி ஆயிடும், வீட்டுக்கு வந்தப்புறம் பூஞ்சக்காளான் வேற பூக்கும். எங்க கைடு போட்டிருந்தது கருப்பு ரப்பர்ல ஒரே வார்ப்பா அடிச்ச ஷூ, அடியில ஃபுட்பால் ஷூ மாதிரி குமிழ் குமிழா இருக்கும், அங்க அதுக்கு கேலியா கம்போங் அடிடாஸ்னு பேரு, கம்போங்னா கிராமம். ஓடையில எறங்கி ஏறினதும் கால ஒரு ஒதறு ஒதறினா தண்ணி மொத்தமும் வெளிய. எங்க ஷூவெல்லாம் ப்ளக் ப்ளக்குனு சத்தம் போட்டுக்கிட்டு வந்துச்சு. ஜெரான்துட்ல கடையில கெடைக்கும், வெலையும் கம்மி, உங்க சைஸ் இருந்தா வாங்கிடுங்க, இல்லன்னா இங்கேந்தே துணியில தச்ச, அடி நல்லா புடிக்கிற ஷூவா, ஏற்கனவே போட்டு பழகினதா எடுத்துட்டு போங்க. புது ஷூ கண்டிப்பா கூடாது.

அட்டை கடிக்குமான்னு கேக்காதீங்க, கடிக்கும். எங்கம்மா உப்ப துணியில மூட்டை கட்டி, கூடவே மூக்குப்பொடி டப்பா ஒண்ணும் வச்சு அனுப்பிச்சாங்க, கொல்லிமலைக்கு போன மாமா யாரோ சொன்னாராம். மழை வந்ததும் உப்பு கரைஞ்சு பையோட சைடு பாக்கெட் பூரா உப்புத்தண்ணி, அங்க வச்சிருந்த டீஷர்ட் கருவாடு மாதிரி வெறச்சிடுச்சு. கைடு அதப் பாத்து சிரிச்சிட்டு நகத்த காட்டினாரு. அவ்ளோதான் மருந்து. அட்டையோட ஒல்லியான முனையிலதான் வாய் இருக்கு, அதுகிட்ட நகத்த வச்சு சைடுல தள்ளணும், அப்புறம் தடிச்ச முனைய தள்ளிட்டு சுண்டி விட்டுடணும். உப்பு போட்டாலோ நெருப்பு வச்சாலோ அது குடிச்சத காயத்துலயே கக்கிடும், அது வேண்டாம். எடுத்தப்புறம் ரத்தம் நிக்காம வழியும், பயந்துடாதீங்க, ரத்தம் உறையாம இருக்க அது ஒரு சரக்க உள்ள வுடுது, அதான். கழுவி, அமுக்கிப் புடிச்சு, பிளாஸ்திரி ஒட்டுங்க. ஒரு வாரம் அரிக்கும், சொறியாதீங்க. முழங்கால் வரைக்கும் வர்ற நெருக்கமான துணியில தச்ச அட்டை சாக்ஸ் விக்கிறாங்க, பேண்ட்ட அதுக்குள்ள சொருகிட்டா பாதி தொல்லை தீந்துச்சு. ஒவ்வொரு ரெஸ்ட்லயும் ஒருத்தர் காலு முதுகு கழுத்த இன்னொருத்தர் பாருங்க, கூச்சப்படாம.

கொசு மருந்து நல்ல ஸ்ட்ராங்கா டீட் (DEET)ங்கற கொசு விரட்டி சரக்கு இருக்கறத வாங்குங்க, ஆனா அது பிளாஸ்டிக்க கரைக்கும், தடவின கையோட கண்ணாடி ஃப்ரேம், வாட்ச்ச தொடாதீங்க. கெளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர போய் பாருங்க, டைபாய்டு, மஞ்சக்காமாலை ஏ, டெட்டனஸ் ஊசியெல்லாம் போட்டாச்சான்னு கேட்டுக்கங்க. கொரங்குலேருந்து கொசு வழியா மனுஷனுக்கு வர்ற மலேரியா ஒண்ணு மலேசியா காட்டுல இருக்கு, அதப் பத்தியும் கேளுங்க. ஆத்து விஷயத்துல முக்கியமானது எலிக்காய்ச்சல், எலி மாதிரி பிராணிங்க மூத்திரம் கலந்த தண்ணி வழியா வர்றது. 2000-ல மலேசியாவோட சபா மாநிலத்துல ஈகோ சேலஞ்ச்னு ஒரு சாகச ரேஸ் நடந்துச்சு, பல நாட்டு ஆளுங்க, எல்லாரும் கட்டுமஸ்தான பார்ட்டிங்க, அதுல நெறைய பேரு காய்ச்சல்ல விழுந்தாங்க, எலிக்காய்ச்சல்னு தெரிஞ்சது, யாருக்கு ஜாஸ்தின்னு ஆராஞ்சு பாத்தா செகாமா ஆத்துல நீந்தினவங்களுக்கு. முன்னெச்சரிக்கையா டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்ட்டவங்களுக்கு கொஞ்சம் பாதுகாப்பு கெடைச்சிருந்துச்சு. அதுக்காக மெடிக்கல்ல போய் நீங்களா வாங்கி முழுங்காதீங்க, கர்ப்பிணிங்களுக்கும் சின்ன புள்ளைங்களுக்கும் ஆகாது, வெயில் பட்டா சிலருக்கு தோல் பொசுங்கும், டாக்டர் சொன்னா மட்டும். கால்ல காயம் இருந்தா ஆத்துல எறங்கறதுக்கு முன்னாடி தண்ணி புகாத பிளாஸ்திரி ஒட்டுங்க, ஆத்துத் தண்ணிய காய்ச்சாம வாயில வைக்காதீங்க.

நடை ப்ராக்டீஸ்க்கு நமக்கு சோளிங்கர் இருக்கு. பெரிய மலை 1305 படி, ரோப் கார் வந்தாச்சுதான், ஆனா நீங்க படியில ஏறுங்க, முதுகுல எட்டு கிலோ பையோட, நாலஞ்சு ஞாயித்துக்கிழமை. கடைசி ரெண்டு தடவ ஷூவையும் சாக்ஸையும் கொழாயில நனைச்சிட்டு கீழயே நடந்து பாருங்க, எங்க கொப்புளம் வரும்னு அப்பவே தெரிஞ்சிடும். அங்க வேஸ்லின் தடவணும். கோயில் படியில ஈர ஷூவோட ஏறினா திட்டு வாங்குவீங்க, கார் நிறுத்துற எடத்த சுத்தியே அந்த கூத்த முடிச்சிட்டு அப்புறம் செருப்ப விட்டுட்டு போய் நரசிம்மர கும்புட்டுக்கங்க.

படகுல ஏறும்போது நடுவுல கால வச்சு, குனிஞ்சு, ஒடனே உக்காருங்க. வெளும்பு மேல வெரல வைக்காதீங்க, பக்கத்துல படகோ பாறையோ வந்தா நசுங்கும். நீச்சல் தெரியாதுன்னா வெக்கப்படாம மொதல்லயே சொல்லிடுங்க. கெணத்து நீச்சல் தெரிஞ்சவங்களும் ஓடுற தண்ணியில ஹீரோ வேலை காட்டாதீங்க, கெணத்துத் தண்ணி நின்ன எடத்துல நிக்கும், இது இழுக்கும். தவறி விழுந்துட்டா மல்லாந்து, காலு ரெண்டையும் தண்ணி போற பக்கம் நீட்டி மேல வச்சுக்கணும், வேகமான எடத்துல எழுந்து நிக்க ட்ரை பண்ணாதீங்க, பாறை இடுக்குல கால் மாட்டினா தண்ணி அமுக்கிடும். தண்ணி கம்மியா இருக்கற மாசத்துல சில எடத்துல படகு தட்டும், எல்லாரும் எறங்கி தள்ளணும், அதுக்கும் அந்த ஷூதான்.

ராத்திரி தங்கற எடத்துல மொத வேலை டார்ச். நெத்தியில மாட்டுறது வாங்குங்க, செல்ஃபோன் டார்ச் வச்சுக்கிட்டு ஒரு கையில சோறு ஒரு கையில வெளிச்சம்னு தடுமாறாதீங்க. குகையில வௌவால் எச்சம் நாத்தம் இருக்கும், கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிடும். தின்ற சாமான் எதையும் பையில வச்சிக்கிட்டு தூங்கக்கூடாது, எலி வந்து பைய கடிச்சு வச்சிடும், எல்லாத்தையும் கைடுகிட்ட குடுத்துடுங்க. ஷூவ காலையில கவுத்து தட்டிட்டுதான் மாட்டணும். ஆத்தோரமா டென்ட் போடுற ட்ரிப்பா இருந்தா, தண்ணி திடீர்னு கலங்கி எல தழ சருகெல்லாம் மெதந்து வந்தா மேல எங்கேயோ மழை கொட்டுதுன்னு அர்த்தம், உங்க தலைக்கு மேல நட்சத்திரம் தெரிஞ்சாலும் சரி, கைட எழுப்புங்க. ரெண்டுக்கு போறதா இருந்தா ஆத்துலேருந்து நல்லா தள்ளிப் போய், ஒரு சாண் குழி தோண்டி மூடிடுங்க. தனியா போகாதீங்க, யாருகிட்டயாவது சொல்லிட்டு போங்க.

புலி பாக்கலாம்னு கனவு காணாதீங்க, மலேசியா காட்டுல மொத்தமே 150-க்கும் கம்மின்னு அவங்க கணக்கெடுப்பே சொல்லுது. எங்களுக்கு யானை சாணி பாக்கற பாக்கியம் கெடச்சுது, விடிகாலையில வாலில்லாத கொரங்கு கிப்பன் ஊளையிடற மாதிரி பாடினது காதுல இருக்கு. அங்க பாத்தேக் ஜனங்க காட்டுலயே வாழறவங்க, அவங்க குடிசைய புள்ளைங்கள கேக்காம ஃபோட்டோ எடுக்காதீங்க, நம்ம ஜவ்வாதுமலையில யாராவது வந்து நம்ம வூட்டு வாசல்ல கேமராவ நீட்டினா எப்படி இருக்கும். மலாய்ல ரெண்டு வார்த்தை தெரிஞ்சா போதும், ஹாத்தி ஹாத்தின்னா ஜாக்கிரதை, பாச்சாட்னா அட்டை. கப்பலுக்கு அவங்க காபால்னுதான் சொல்றாங்க, கடைக்கு கெடாய், ரெண்டும் நம்மகிட்டேந்து போனதுதான், கைடுகிட்ட சொன்னா சந்தோஷப்படுவாரு.

வீட்டுல இருக்கறவங்களுக்கு கைடு ஆபீஸ் நம்பரும், எந்த நாள் எத்தன மணிக்குள்ள ஃபோன் பண்ணுவேன்கறதையும் எழுதி வச்சிட்டு போங்க, அந்த ஊரு நேரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அதையும் சேத்து எழுதுங்க. நான் எழுதாம போனேன். எங்கம்மா சாயந்திரம் ஆறு மணிலேருந்து சித்தி வீட்ல போய் உக்காந்துகினு ஒரே அழுகையாம்.

திரும்பி வந்தப்புறம் ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல், கடுமையான தலவலி, கெண்டக்கால் வலி, கண்ணு செவப்பு எது வந்தாலும் பாராசிட்டமால போட்டுக்கிட்டு படுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு போய் மொத வாக்கியமே மலேசியா காட்டுல ராத்திரி தங்கினேன், ஆத்துல எறங்கினேன், அட்டை கடிச்சுதுன்னு சொல்லிடுங்க. இடுப்பு, அக்குள், தொடை இடுக்குல சிகரெட் சுட்ட மாதிரி வலியில்லாத கருப்பு பொருக்கு இருக்கான்னு நீங்களே பாத்துட்டு அதையும் காட்டுங்க, உண்ணிக்காய்ச்சலா இருக்கலாம். வேலூர் டாக்டருங்களுக்கு அது தெரிஞ்ச சமாச்சாரம்தான், நம்ம பக்கத்து கொல்லையிலயே வர்ற காய்ச்சல், ஆனா நீங்க ஆபீஸ் போய்ட்டு வந்தேன்னு மட்டும் சொன்னா அவங்க எங்கேந்து யோசிப்பாங்க.